நகரச் சின்னமும் கொடியும் இலவசமாக: விக்கிமீடியா காமன்ஸை எவ்வளவு நம்பலாம்?

ஓர் ஊரின் கேடயச் சின்னமோ கொடியோ பெரிய அளவில், கோடு உடையாமல் வேண்டும். நிலப்படம் வரைபவர், பாடநூல் வடிவமைப்பவர், டி-ஷர்ட் அச்சடிப்பவர், கணினி விளையாட்டு செய்பவர் என்று இதைத் தேடி அலைகிறவர்கள் பல வகை. எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் வாசல், விக்கிப்பீடியாவின் சகோதரக் கோப்புக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸ். 2004 செப்டம்பரில் தொடங்கிய இந்தக் கிடங்கில் இன்று 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் இருக்கின்றன. நகரச் சின்னங்கள் அதில் ஒரு மூலைதான். ஆனால் ஐரோப்பிய ஊர்களைப் பொறுத்தவரை இந்த மூலைக்கு நிகரான இலவசத் தொகுப்பு வேறெங்கும் இல்லை. கணக்குத் தொடங்க வேண்டாம், காசு கட்ட வேண்டாம், படத்தின் குறுக்கே நீர்க்குறியும் கிடையாது.

அதற்காக ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட முடியாது. காமன்ஸ் 'இலவசம்' என்று சொல்வது ஓவியத்தின் பதிப்புரிமையை மட்டும். அந்தச் சின்னத்தை அணிந்துகொண்டு ஊரின் பெயரில் பேசுவதற்கான அனுமதி வேறு கணக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். மீதிப் பேர் மாட்டுவது கோப்பின் தரத்தில்.

முதலில் அடிப்படை. ஐரோப்பிய மரபில் கேடயச் சின்னம் என்பது ஒரு படம் அல்ல, ஒரு வருணனை. ஆம்ஸ்டர்டாமின் சின்னத்தை எடுத்துக்கொண்டால்: சிவப்புக் கேடயம், நடுவில் நெடுக்காக ஒரு கறுப்புப் பட்டை, அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வெள்ளிப் பெருக்கற்குறிச் சிலுவைகள். இவ்வளவுதான் சின்னம். இந்த வருணனைக்குப் பதிப்புரிமை கிடையாது. அதைப் படித்து யார் வேண்டுமானாலும் புதிதாக வரையலாம். ஆனால் வரைந்த ஒவ்வொரு படமும் தனித்தனி ஆக்கம். சிலுவையின் தடிமன், கேடயத்தின் அடி வளைவு, சிங்கம் இருந்தால் அதன் பிடரி எல்லாம் வரைந்தவருடையவை. ஒரே ஊருக்கு காமன்ஸில் நான்கு கோப்புகள் கிடப்பதன் காரணம் இதுதான். நான்கும் சரியாக இருக்கலாம், நான்குக்கும் உரிமம் வேறாகவும் இருக்கலாம்.

ஆகவே கோப்பின் பக்கத்தைத் திறந்ததும் படத்தை ரசிப்பதற்கு முன் கண் போக வேண்டியது கீழே இருக்கும் உரிமப் பெட்டிக்கு. ஒவ்வொரு நாட்டுக்கும் அங்கே சொல்லப்படும் காரணம் வேறு.

ஜெர்மனி இருப்பதிலேயே சுலபம். அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அரசுமுறை ஆக்கங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்கிறது. நகராட்சிச் சின்னங்களை அந்தக் கணக்கில் சேர்த்து, காமன்ஸ் தனிப் பெட்டியே வைத்திருக்கிறது. போலந்தில் 4ஆம் பிரிவு அரசுமுறைக் குறிகளையும் சின்னங்களையும் விலக்கிவைக்கிறது. ரஷ்யாவின் குடிமைச் சட்டம், 1259ஆம் பிரிவில், நகராட்சி அமைப்புகளின் சின்னங்களைப் பெயர் சொல்லியே விலக்குகிறது. இந்த மூன்று நாட்டுக் கோப்புகளுக்கும் பதிப்புரிமைக் கவலை அநேகமாக இல்லை. உரிமப் பெட்டி வேறு சொல்லாத வரை, வரைந்தவர் பெயரைப் போடுவது மரியாதை, கட்டாயம் அல்ல.

பிரான்ஸ் அப்படி இல்லை. அங்குள்ள ஊர்களின் கேடயங்களில் பெரும்பாலானவை விக்கிப்பீடியா பங்களிப்பாளர்கள் வருணனையைப் பார்த்துத் தாங்களே வரைந்தவை. அவை கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில், பெயர் குறிப்பிடல், அதே உரிமத்தில் பகிர்தல் என்ற நிபந்தனைகளோடு வருகின்றன. எடுத்து விற்கலாம், தடை இல்லை. ஆனால் வரைந்தவரின் பயனர் பெயர், உரிமத்தின் பெயரும் பதிப்பு எண்ணும், உரிமத்துக்கான இணைப்பு, நீங்கள் ஏதாவது மாற்றியிருந்தால் அந்தத் தகவல் ஆகிய நான்கும் போக வேண்டும். தேநீர்க் கோப்பையில் அச்சடிக்க இடமில்லை என்றால் அட்டைப்பெட்டியிலோ பொருளின் விற்பனைப் பக்கத்திலோ போட்டால் போதும். 'அதே உரிமத்தில் பகிர்தல்' என்றதும் புத்தகம் முழுவதையும் இலவசமாக்க வேண்டுமோ என்று பதறுகிறவர்கள் உண்டு. தேவையில்லை. அந்தக் கேடயத்தை நீங்கள் திருத்தி வரைந்த படத்துக்குத்தான் அந்த நிபந்தனை ஒட்டும். பக்கத்தில் இருக்கும் உங்கள் கட்டுரைக்கு ஒட்டாது.

அமெரிக்காவில் வயதுதான் காப்பாற்றுகிறது. சிகாகோவின் கொடி 1917இல் வந்தது, அதனால் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. புதிய கொடிகளுக்கு ஊருக்கு ஊர் மாறும். ஐடஹோ மாநிலத்தின் பொக்கடெல்லோ நகரக் கொடி இதில் ஒரு வேடிக்கை: 2001இல் வந்த அந்தக் கொடியின் மேலேயே வணிகக்குறி, பதிப்புரிமைக் குறிகள் அச்சாகியிருந்தன. ஊர்க்காரர் தம் வீட்டு வாசலில் பறக்கவிட வேண்டிய துணியில்! 2004இல் வட அமெரிக்கக் கொடியியல் சங்கம் 150 நகரக் கொடிகளுக்கு நடத்திய கருத்துக்கணிப்பில் அது கடைசி இடம். 2017இல் கொடியை மாற்றிவிட்டார்கள். பிரிட்டனின் கொடிக் கழகம் இதற்கு நேர் எதிர். தன் பதிவேட்டில் ஒரு ஊரின் கொடியைச் சேர்ப்பதற்கு, யாரும் தடையின்றிப் பயன்படுத்தும்படி அந்த வடிவம் பொதுவில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. பொதுக்கொடி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

உரிமப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இன்னொரு பெட்டி பல கோப்புகளில் இருக்கும்: 'இது ஓர் அதிகாரச் சின்னம், பதிப்புரிமை அல்லாத வேறு கட்டுப்பாடுகள் இருக்கலாம்' என்ற எச்சரிக்கை. எல்லாரும் தாண்டிப்போகும் பெட்டி இது. காமன்ஸின் பெரிய குறையும் இங்கேதான்: கட்டுப்பாடு 'இருக்கலாம்' என்று நிறுத்திக்கொள்கிறது, என்ன கட்டுப்பாடு என்று சொல்வதில்லை. அதை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜெர்மனியில் கூட்டாட்சியின் சின்னத்தையும் மாநிலங்களின் சின்னங்களையும் அனுமதியின்றிப் பயன்படுத்துவது ஒழுங்குமீறல் சட்டத்தின் 124ஆம் பிரிவின்படி அபராதத்துக்குரியது. நகராட்சிச் சின்னம் அந்தப் பிரிவில் வராது. ஆனால் குடிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெயருக்கு உள்ள பாதுகாப்பு, சின்னத்துக்கும் நீள்கிறது. ஊரின் பெயரில் இயங்குவதுபோலத் தோன்றினால் நகராட்சி தடுக்கலாம். வணிகக்குறிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு உள்ளூர்ச் சின்னம் அடங்கிய எதையும் உரிமையில்லாதவர் வணிகக்குறியாகப் பதிய விடாது. எனவே ஊரைப் பற்றிய நூலில், நிலப்படத்தில், கலைக்களஞ்சியத்தில் போடுவது சிக்கலில்லை. சாவிக்கொத்து அடித்து விற்பதற்கு நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதுவது நல்லது. கடை முகப்பிலோ கடிதத்தாளின் தலைப்பிலோ போடவே கூடாது.

பெர்லினும் ஹாம்பர்கும் நகரமாகவும் மாநிலமாகவும் இருப்பதால் இரட்டைக் கவனம் வேண்டும். அவற்றின் கேடயம் மாநிலச் சின்னம், 124ஆம் பிரிவுக்குள் வரும். பொதுமக்கள் பாசத்தோடு ஒட்டிக்கொள்வதற்கென்றே ஹாம்பர்க் அரசு கோட்டையும் கேடயமும் கொண்ட எளிய குறி ஒன்றைத் தனியாக விட்டிருக்கிறது. நார்த் ரைன்-வெஸ்ட்பாலியா, ஹெஸ்ஸன் மாநிலங்களும் இதே ஏற்பாட்டைச் செய்துள்ளன. ஸ்டிக்கர் அடிப்பவருக்கு வேண்டியது அந்தக் குறிகள்தான். ஆனால் தேடலில் முதலில் வந்து நிற்பது என்னவோ அரசின் கேடயம்.

சுவிட்சர்லாந்தில் இன்னும் நறுக்கென்று பிரித்துவிட்டார்கள். 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சின்னப் பாதுகாப்புச் சட்டப்படி, ஊரின் கேடயச் சின்னம் அந்த ஊராட்சிக்கு மட்டும். அகராதி, கலைக்களஞ்சியம் போன்றவற்றில் விளக்கப்படமாகப் போடுவதற்கும் விழா அலங்காரத்துக்கும் விலக்கு உண்டு. கொடியை யாரும் பயன்படுத்தலாம், ஏமாற்றும் நோக்கம் இல்லாத வரை. கேடய வடிவத்துக்குள் இருந்தால் தடை, அதே உரு கொடித் துணியில் இருந்தால் அனுமதி! சுவிஸ் ஊர் ஒன்றின் உருவை நினைவுப்பொருளில் போட வேண்டுமானால் காமன்ஸில் கேடயக் கோப்பை எடுக்காமல் சதுரக் கொடிக் கோப்பை எடுப்பதே புத்திசாலித்தனம்.

இங்கிலாந்தின் கதை பழையது. மான்செஸ்டர் மாநகராட்சியின் சின்னத்தை அங்கிருந்த ஒரு நாடக அரங்கு தன் மேடைத் திரைக்கு மேலும் நிறுவன முத்திரையிலும் பயன்படுத்தியதற்காக, கேடயச் சின்ன வழக்குகளுக்கென்றே இருந்து, இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கூடாதிருந்த வீரமரபு நீதிமன்றத்தை 1954இல் கூட்டினார்கள். மாநகராட்சி வென்றது. தீர்ப்பில் கவனிக்க வேண்டிய இடம்: அலங்காரமாக வைத்ததற்காக மட்டும் இப்படியொரு வழக்குக்கு வருவது சரியா என்று நீதிபதியே ஐயப்பட்டார், முத்திரையில் பயன்படுத்தியதுதான் வினையாயிற்று. அலங்காரம் வேறு, அதிகாரத் தோற்றம் வேறு. எந்த நாட்டுச் சின்னத்துக்கும் இந்த எல்லைக்கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஸ்காட்லாந்தில் மட்டும் விளையாட வேண்டாம். அங்கு கேடயச் சின்னங்களைக் கவனிக்கும் லார்ட் லயன் நீதிமன்றம் இன்றும் வழக்குத் தொடுக்கும் அதிகாரத்தோடு இயங்குகிறது.

இந்திய ஊர்களைத் தேடி இங்கே வந்தால் ஏமாற்றம்தான். நம் சட்டத்தில் அரசு ஆக்கங்களுக்கும் அரசுசார் அமைப்புகளின் ஆக்கங்களுக்கும் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. ஜெர்மனியின் குட்டி ஊருக்குக்கூடக் கிடைக்கும் தரமான கோப்பை நம் மாநகராட்சிகளுக்கு எதிர்பார்க்க முடியாததன் காரணம் இதுவே. ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரையில் ஒரு மாநகராட்சியின் இலச்சினை தெரிந்தால் அது இலவசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 'நியாயப் பயன்பாடு' என்ற பெயரில் அங்கேயே தனியாக ஏற்றிய கோப்பாக இருக்கலாம். காமன்ஸ் அந்த வகையைச் சேர்ப்பதே இல்லை. படத்தைச் சொடுக்கினால் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மாநில அரசின் கோபுரச் சின்னத்தை விசிட்டிங் கார்டில் போடும் ஆசை இருந்தால், 1950ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் முறைகேட்டுத் தடுப்புச் சட்டத்தை ஒருமுறை படித்துவிட்டு அச்சகத்துக்குப் போகலாம்.

இனிக் கோப்பின் தரம். கோப்பு எஸ்விஜி வடிவில் (எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோட்டுவடிவம்) இருந்தால் அதையே இறக்க வேண்டும்; படத்துக்குக் கீழே 'மூலக் கோப்பு' என்றிருக்கும் இணைப்பு. தளம் தானாகக் காட்டும் பிஎன்ஜி (பிக்சல்களால் ஆன படம்) முன்னோட்டத்தை வலதுபக்கச் சொடுக்கில் சேமித்துக்கொண்டு ஃபிளெக்ஸ் அடிக்கப் போவதுதான் நாம் பார்க்கும் மங்கல் பதாகைகளின் மூலகாரணம். 30 செ.மீ. அகலத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் 3543 பிக்சல் வேண்டும். 90×150 செ.மீ. கொடிக்கு 100 அடர்த்தியே போதும், அதற்கும் 3543×5906 பிக்சல் ஆகிறது. எஸ்விஜி கையில் இருந்தால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் திறந்து வேண்டிய அளவில் ஏற்றுமதி செய்துகொள்ளலாம்.

எஸ்விஜி என்று பெயர் இருப்பதாலேயே எல்லாம் எஸ்விஜி ஆகிவிடாது. சிலவற்றில் உள்ளே ஒரு பிஎன்ஜி படத்தை அப்படியே பொதிந்து வெளியே எஸ்விஜி சட்டை மாட்டியிருப்பார்கள். எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் கட்டம் கட்டமாக உடையும். எளிய கேடயத்துக்குக் கோப்பு அளவு இரண்டு மூன்று எம்பி இருந்தாலே சந்தேகப்படலாம். அடுத்த வகை, ஸ்கேன் படத்தை மென்பொருளே கோடாக மாற்றியது. பார்வைக்கு நன்றாக இருக்கும். இங்க்ஸ்கேப்பின் வியூ மெனுவில் டிஸ்ப்ளே மோடை அவுட்லைனுக்கு மாற்றினால் சிங்கத்தின் வால் ஒன்றுக்கே நூற்றுக்கணக்கான புள்ளிகள் மொய்த்துக் கிடக்கும். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தில் இதைக் கொடுத்தால் கத்தி நடுங்கி நடுங்கி வெட்டும், வினைல் ஓரம் பிசிறும். பாத் மெனுவில் சிம்ப்ளிஃபை ஒரு முறை, தேவைப்பட்டால் இரண்டாம் முறை கொடுக்கலாம். மூன்றாம் முறை கொடுத்தால் சிங்கம் பூனையாகிவிடும். அந்த நிலைக்கு வந்தால் கையால் வரைவதே மேல்.

எழுத்து இருக்கும் சின்னங்களில் வேறொரு தொல்லை. கேடயத்தின் அடியில் உள்ள பொன்மொழிப் பட்டையை வரைந்தவர் எழுத்தாகவே விட்டிருந்தால், அவர் பயன்படுத்திய எழுத்துரு நம் கணினியில் இல்லாதபோது வேறொன்று வந்து உட்காரும், எழுத்து பட்டைக்கு வெளியே வழியும். காமன்ஸின் முன்னோட்டத்திலேயே எழுத்து கோணலாகத் தெரிந்தால் இதுதான் காரணம். வரைந்தவர் குறிப்பிட்ட எழுத்துருவை நிறுவி, பிறகு ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து வடிவமாக்கிவிட வேண்டும்.

பெரிதாக்கும்போது கறுப்பு வரைகோடுகள் மட்டும் மெலிந்துபோவது இங்க்ஸ்கேப்பில் ஒரு பொத்தானின் வேலை: அளவு மாற்றும்போது கோட்டின் தடிமனும் மாற வேண்டும் என்ற தெரிவு அணைந்திருக்கும். வெட்டும் இயந்திரத்துக்குப் போகும் கோப்பில் ஸ்ட்ரோக் டு பாத் கொடுத்தே அனுப்ப வேண்டும், இல்லையென்றால் இயந்திரம் கோட்டின் நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டிவிட்டு நின்றுவிடும். இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் மயிரிழை வெள்ளைக்கோடு தெரிந்தால், வடிவங்கள் ஓரத்தோடு ஓரம் மட்டும் ஒட்டியிருக்கின்றன என்று பொருள். கீழிருக்கும் வடிவத்தை அரை மில்லிமீட்டர் மேலிருப்பதன் அடியில் நுழைத்துவிட்டால் மறையும். நம்மூர் டிடிபி கடைகளில் கோரல்டிராதான் ராஜா. அது சில எஸ்விஜி கோப்புகளின் வெட்டு முகமூடிகளை (கேடயத்துக்கு வெளியே போவதை மறைக்கும் ஏற்பாடு) சரியாகப் படிக்காமல் கேடயத்துக்கு வெளியே பட்டைகளை நீட்டிவிடும். இங்க்ஸ்கேப்பிலிருந்து பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் பெரும்பாலும் தீரும்.

நிறத்தில் அச்சகமும் வாடிக்கையாளரும் சண்டை போட வேண்டியதில்லை. வருணனை 'நீலம்' என்றுதான் சொல்லும், எந்த நீலம் என்று சொல்லாது. ஊர் தனியாக நிற எண் விதித்திருந்தால் மட்டுமே அதற்குக் கட்டுப்பட வேண்டும். கோப்பின் நிறங்கள் திரைக்கானவை. நால்வண்ண அச்சுக்குப் போனதும் பளீர் நீலமும் பச்சையும் சோர்ந்துபோகும். முன்னதாகவே மாற்றிப் பார்த்துவிட வேண்டும். வெள்ளி என்றால் வெள்ளை, பொன் என்றால் மஞ்சள். வெள்ளியைச் சாம்பல் நிறத்தில் அடிப்பது அடிக்கடி நடக்கும் பிழை. வெள்ளைத் தாளில் வெள்ளைக் கேடயம் வரும்போது மெல்லிய ஓரக்கோடு போட்டே ஆக வேண்டும்.

ஒரே நிறத்தில் முத்திரையோ லேசர் பொறிப்போ செய்பவர்களுக்கு 17ஆம் நூற்றாண்டிலிருந்தே வழி இருக்கிறது. பொன்னுக்குப் புள்ளிகள், வெள்ளிக்கு வெறுமை, சிவப்புக்குச் செங்குத்துக் கோடுகள், நீலத்துக்குக் கிடைக்கோடுகள், கறுப்புக்கு இரண்டும் குறுக்கிட்ட வலை, பச்சைக்குச் சாய்கோடுகள். காமன்ஸில் இப்படி ஆக்கிவைத்த நகரச் சின்னங்கள் அரிது. நிறக் கோப்பை எடுத்து நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். இடைவெளியை மிகவும் குறைத்தால் பொறிப்பில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

கொடிக் கோப்புகளில் விகிதம்தான் முதல் எதிரி. கடையில் கிடைக்கும் 90×150 அளவு 3:5. வரைந்த கோப்பு 2:3 என்றால் இழுத்து நிரப்பும்போது ஆம்ஸ்டர்டாமின் சிலுவைகள் படுத்துவிடும். பட்டைகளை மட்டும் நீட்டி, சிலுவைகளின் வடிவத்தை மாற்றாமல் வைக்க வேண்டும், அல்லது 100×150 தைக்கச் சொல்ல வேண்டும். இன்னொன்று: அந்த ஊரின் கேடயத்தில் கறுப்புப் பட்டை நெடுக்கு, கொடியில் அது கிடை. ஒன்றைச் சுழற்றி மற்றொன்றாக்க நினைத்தால் சிலுவையின் மேல் விழும் நிழலோ வளைவோ தவறான பக்கம் திரும்பும். ஜெர்மன் ஊர்கள் 120×300, 150×400 செ.மீ. போன்ற நெடுங்கொடிகளை விரும்புகின்றன. கிடைக்கொடியைத் தொண்ணூறு பாகை திருப்பித் தொங்கவிட்டால் அதில் இருக்கும் கரடி மல்லாந்து படுக்கும். நெடுங்கொடிக்கென்று தனிக் கோப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும்.

சிகாகோ கொடியில் வேறு கவனம். நட்சத்திரம் ஆறுமுனை, முனைகள் கூர்மையானவை. மென்பொருளின் ஆயத்த அறுமுனை நட்சத்திரத்தை எடுத்துப் போட்டால் இரண்டு முக்கோணம் பின்னிய வடிவம் வந்துவிடும், கொடி வேறாகிவிடும். 1917இல் நட்சத்திரம் இரண்டு, மூன்றாவது 1933இல், நான்காவது 1939இல். பழைய கொடிகளின் கோப்புகளும் காமன்ஸில் உண்டு, அவசரத்தில் மாறி எடுக்காமல் எண்ணிப் பார்ப்பது நல்லது.

நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு மொத்தமாக வேண்டுமானால் காமன்ஸின் பகுப்புகளுக்குள் மேய்வது வீண் வேலை. விக்கிமீடியாவின் தரவுத்தளமான விக்கிதரவில் பி94 (P94) என்ற பண்பு கேடயச் சின்னத்தின் கோப்பையும் பி41 கொடியின் கோப்பையும் சுட்டும். நாடு, ஊர் வகை, இந்த இரண்டு பண்புகள் என்று ஒரு வினவல் எழுதினால் பட்டியல் நிமிடத்தில் வரும். இறக்கும் நிரலில் நாம் யார், தொடர்பு முகவரி என்ன என்பதைப் பயனர் முகவர் (User-Agent) வரியில் குறிப்பிட வேண்டும். வெற்றாக விட்டு வேகமாகக் கேட்டால் வழங்கி மறித்துவிடும். உரிமத்தைக் கோப்புக்குக் கோப்பு தனியாக எடுத்துச் சேமிக்க வேண்டும். ஒரே நாட்டுக்குள்ளும் அது மாறும்.

மற்ற கடைகளையும் சொல்லிவிடலாம். 'ஃபிளாக்ஸ் ஆஃப் தி வேர்ல்ட்' என்ற இணையதளம் தகவலுக்குத் தங்கச் சுரங்கம். ஒரு கொடி எப்போது மாறியது, ஏன் மாறியது என்று அறிய அங்கேதான் போக வேண்டும். ஆனால் படங்கள் சிறிய ஜிஃப், வணிகப் பயன்பாட்டுக்கும் இல்லை. நகராட்சிகளின் சொந்தத் தளத்தில் சில நேரம் நிற எண்களோடு வழிகாட்டியே இருக்கும். சரியான உரு எது என்று ஒப்பிட அதை வைத்துக்கொண்டு, அச்சுக்கு காமன்ஸ் கோப்பைத் திருத்திக்கொள்ளலாம். தளத்தில் உள்ள படத்தையே எடுப்பது ஜெர்மனி போன்ற நாடுகளில்தான் பாதுகாப்பு.

காமன்ஸ் கோப்பை நம் இணையதளத்தில் நேரடி இணைப்பாக வைப்பதற்குத் தடை இல்லை, ஆனால் செய்யக் கூடாது. அதே பெயரில் புதிய வடிவத்தை எவரும் ஏற்றலாம். நேற்றுவரை அடர்நீலமாக இருந்த கேடயம் இன்று வெளிர்நீலமாகும், நமக்குத் தெரியவே வராது. உரிமம் சரியில்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டினால் கோப்பே நீக்கப்படலாம். கோப்பை இறக்கும் அன்றே உரிமப் பெட்டி தெரியும்படி அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து, வரலாற்றுப் பட்டியலில் உள்ள பதிப்பின் தேதியையும் நேரத்தையும் வேலைக் கோப்புறையில் குறித்துவைத்தால், பின்னாளில் யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்ட ஒரு தாள் இருக்கும்.